4 லட்சம் கலெக்ஷன் ஆச்சு, 19,000 மிஞ்சுச்சு – அப்புறம் நாங்க வெச்ச மொய் விருந்து

மும்பைல ஒரு சின்ன தமிழ்ச் சங்கத்துக்கு நான் பொருளாளர். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருக்கற குடும்பங்கள்தான் மெம்பர்ஸ், கமிட்டி மொத்தமே 9 பேர். எங்களுக்கு வேலைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான், பத்தாவது முடிச்ச பொண்ணுங்க பதினொண்ணு பன்னெண்டு படிக்க ஃபீஸ் கட்டறது. இங்க மாநகராட்சி 8 மொழில ஸ்கூல் நடத்துது, அதுல தமிழும் ஒண்ணு, ஆனா தமிழ் மீடியத்துல படிச்ச புள்ளைங்க பதினொண்ணாவதுக்கு ஜூனியர் காலேஜ்னு போனா திடீர்னு எல்லாமே இங்கிலீஷ், அதனால ஃபீஸ் மட்டும் போதாது, டியூஷன், புஸ்தகம், ட்ரெய்ன் பாஸ் எல்லாம் சேர்த்து எங்க கணக்குல ஒரு பொண்ணுக்கு வருஷத்துக்கு 18,000 ஆகுது. இந்த 18,000ங்கற நம்பரை மனசுல வெச்சுக்கோங்க, இந்தக் கதை முழுக்க நான் இதை வெச்சுதான் அளக்கப்போறேன்.

ரெண்டு நிகழ்ச்சியைப் பத்தி எழுதறேன். முதல்ல பண்ணது இன்னிசை இரவு. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, போன ஆகஸ்ட் 15ஆம் தேதி பண்ணது மொய் விருந்து. ரெண்டுலயும் வசூல் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், ஆனா ஒண்ணுல மிஞ்சினது ஒரே ஒரு பொண்ணோட ஃபீஸ், இன்னொண்ணுல 20 பொண்ணுங்களோட ஃபீஸ். எப்படின்னு முழு கணக்கோட சொல்றேன், ஏன்னா மத்த சங்கங்கள்ல யாருமே செலவுக் கணக்கை வெளிய சொல்றதில்ல, எல்லாரும் வசூலை மட்டும்தான் மேடைல சொல்றாங்க.

இன்னிசை இரவுல டிக்கெட் 300, 500, 1000ன்னு மூணு ரேட். டிக்கெட்ல 2,61,000 வந்துச்சு, சிறப்பு மலர்ல விளம்பரம் புடிச்சதுல 1,40,000, ஆக 4,01,000. கேட்டதும் எல்லாரும் கை தட்டினாங்க, நானும்தான் தட்டினேன். இப்ப செலவு: ஹால் 1,00,000, ஆர்கெஸ்ட்ரா 1,50,000, சவுண்ட் லைட் 45,000, மலர் அச்சடிக்க 38,000, சால்வை, ஷீல்டு, டிபன் 22,000, பாட்டை மேடைல பாடறதுக்கு ஐபிஆர்எஸ்ங்கற ராயல்டி லைசென்ஸ், பேனர், மத்த சில்லறை எல்லாம் சேர்த்து 27,000. கூட்டினா 3,82,000. மிச்சம் 19,000. நாலு மாசம், 9 பேர், ஆஃபீஸ் முடிஞ்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் வீடு வீடா டிக்கெட் வித்தது, லோக்கல்ல தொங்கிக்கிட்டு டோம்பிவிலி வரைக்கும் போய் விளம்பரப் பணம் வாங்கினது, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பொண்ணு. அன்னிக்கு ராத்திரி கணக்கு நோட்டை மூடிட்டு எனக்கு தூக்கமே வரல, 14 விண்ணப்பம் கையில இருந்துச்சு, 13 குடும்பத்துக்கு நான்தான் ஃபோன் பண்ணி இல்லைன்னு சொல்லணும்.

அந்த நிகழ்ச்சில எனக்கு இன்னும் வலிக்கற விஷயம் பணம்கூட இல்ல. அதுக்கு முந்தின வருஷம் உதவி வாங்கின மூணு பொண்ணுங்களை மேடைக்குக் கூப்பிட்டு, பெரிய அட்டை செக்கை கையில குடுத்து, போட்டோ எடுத்தோம். அதுல ஒரு பொண்ணு தலையை நிமிரவே இல்ல. மறுநாள் அவங்கம்மா வந்து, "அக்கா, காலேஜ்ல அவ ஃப்ரெண்டுங்க அந்தப் போட்டோவப் பாத்துட்டாங்களாம், இனிமே பணமே வேண்டாம்ங்கறா"ன்னு சொன்னாங்க. எங்க யாருக்கும் அது முன்னாடி தோணவே இல்லங்கறதை நினைச்சா இப்பவும் கஷ்டமா இருக்கு. அன்னிக்கே முடிவு பண்ணோம், இனிமே எந்தப் புள்ளையும் மேடை ஏறாது.

அடுத்த வருஷம் ஒண்ணுமே பண்ணல, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஓட்டினோம். அதுக்கப்புறம் ஒரு கமிட்டி மீட்டிங்ல பேராவூரணிக்காரர் ஒருத்தர், வழக்கமா வாயே திறக்காதவர், "நாம ஏன் பாட்டுக் கச்சேரிக்குக் காசு குடுக்கணும், மொய் விருந்து வெப்போமே"ன்னார்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டத்துல பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி மாசம் மொய் விருந்து நடக்கும், கல்யாணம் காதுகுத்து எதுவுமே வேண்டாம், பணம் தேவைப்படறவர் விருந்து வெப்பார், சாப்பிட வர்றவங்க மொய் எழுதிட்டுப் போவாங்க, அது வட்டியில்லாத கடன் மாதிரி, நாளைக்கு அவங்க விருந்து வெக்கும்போது இவர் அதைக் கொஞ்சம் கூடச் சேர்த்துத் திருப்பிச் செய்யணும். நோட்டுதான் அங்க எல்லாம். யார் எவ்வளவு எழுதினாங்கன்னு வருஷக்கணக்கா பத்திரமா வெச்சிருப்பாங்க. எங்க கேள்வி என்னன்னா, நாங்க எதைத் திருப்பிச் செய்யறது? ஒரு மணி நேரம் பேசினோம். கடைசில, மொய் எழுதின ஒவ்வொருத்தருக்கும் வருஷக் கடைசில பொண்ணுங்க பேர் இல்லாம மார்க்கும், எத்தனை பேர் தொடர்ந்து படிக்கறாங்கன்னும், கணக்கும் ஒரே தாள்ல வீட்டுக்கு அனுப்பறதுன்னு முடிவாச்சு. அதுதான் நாங்க திருப்பிச் செய்யற மொய்.

ஆடி மாசம்னா மும்பைல கொட்டற மழை, அதுதான் முதல் சண்டை. ஆனா அட்மிஷன், ஃபீஸ் எல்லாமே அந்த சமயத்துலதான் வரும், தைப் பொங்கல் வரைக்கும் காலேஜ் காத்திருக்காது. ஞாயித்துக்கிழமைன்னா மத்தியானம் மெகா பிளாக்னு தண்டவாள வேலை நடக்கும், ட்ரெய்ன் ஒழுங்கா ஓடாது, சாப்பாட்டு நேரமும் சரியா அதுதான். அதனால ஆகஸ்ட் 15ஐப் புடிச்சோம், ஆடி முடியறதுக்குள்ள வருது, எல்லாருக்கும் லீவு, ஸ்கூல்ல கொடியேத்தி முடிச்சுட்டு குடும்பத்தோட நேரா சாப்பிட வரலாம். கிங்ஸ் சர்க்கிள், சயான், ஹிந்துமாதா பக்கம் தண்ணி நிக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அதனால மாநகராட்சி போடற ஹை டைட் டேபிளை எடுத்து எத்தனை மணிக்குக் கடல் ஏறுதுன்னு பாத்துட்டு, ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல, கொஞ்சம் மேட்டுல இருக்கற ஒரு சொசைட்டி ஹாலை 25,000க்குப் பேசினோம். ஏசி கிடையாது, ஃபேன்தான். யாரும் குறை சொல்லல.

இப்ப முக்கியமான எடம். விருந்துக்கு ஆறு வாரம் முன்னாடியே நாங்க கேக்க ஆரம்பிச்சோம். முதல்ல வாட்ஸப் க்ரூப்ல போட்டோம், 640 பேர் இருக்கற க்ரூப், நிறைய கும்பிடற கை வந்துச்சு, வாழ்த்துகள்னு வந்துச்சு, பணம்னு யாரும் பேசல. அப்புறம்தான் உக்காந்து 60 பேர் எழுதினோம், ஆளுக்கு ஆறோ ஏழோ பேரைப் பிரிச்சுக்கிட்டு, ஃபோன்ல கேக்கக் கூடாது நேர்லதான் போகணும்னு வெச்சோம். அதுக்கு முன்னாடி இன்னொரு விதி, கேக்கப் போறவர் முதல்ல தன் மொய்யை நோட்டுல எழுதிட்டுத்தான் வாசப்படி தாண்டணும். இது ரொம்ப வேலை செஞ்சுச்சு. நானே கவனிச்சேன், என் பேரை எழுதாம கேக்கும்போது என் குரல் கெஞ்சுது, எழுதிட்டுக் கேக்கும்போது "நான் போட்டுட்டேன், நீங்களும் வாங்க"ன்னு கூப்பிடற மாதிரி வருது.

எவ்வளவு கேக்கறதுங்கறதும் முன்னாடியே பேசி வெச்சிருந்தோம். "உங்களால முடிஞ்சது குடுங்க"ன்னு சொன்னா 500 வரும். என்கூட வந்தவர் திருநெல்வேலிக்காரர், தாராவில மளிகைக் கடை வெச்சிருக்கற ஒருத்தர்கிட்ட போய், "அண்ணாச்சி, ஒரு பிள்ளைக்கு ஒரு டெர்முக்கு ஒம்பதாயிரத்தி ஒண்ணு ஆவுது, உங்க பேர்ல ஒரு டெர்ம் எழுதிக்கிடட்டுமா"ன்னு கேட்டார், கேட்டுட்டு சும்மா இருந்துட்டார், வேற ஒரு வார்த்தை பேசல. கடைக்காரர் கொஞ்ச நேரம் கல்லாவையே பாத்துட்டு, "ரெண்டு டெர்மும் எழுதுங்க, பாதில விட்டா அது படிப்பா"ன்னார். எல்லா வீட்லயும் இப்படி நடக்கல, 60 பேர்ல 22 பேர்தான் எழுதினாங்க, ஒருத்தர் ஒன்றரை மணி நேரம் உக்கார வெச்சு சங்கத்தோட பழைய கோவத்தையெல்லாம் கொட்டிட்டு ஒண்ணுமே குடுக்கல. ஆனா அந்த 22 பேரும் கமிட்டி 9 பேரும் சேர்ந்து 31 பேர்கிட்ட இருந்து விருந்துக்கு முன்னாடியே 2,35,000 வந்துடுச்சு. அதாவது ஒரு இலை போடறதுக்கு முன்னாடி, மொத்த வசூல்ல பாதி. முதல் தடவை நாங்க ஏன் தோத்தோம்னு எனக்கு அப்பதான் வெளங்குச்சு. நாலு மாசமும் நாங்க டிக்கெட் வித்தோமே தவிர யாரையும் உதவி பண்ணுங்கன்னு கேக்கவே இல்ல, 300 ரூபா குடுத்தவருக்கு மூணு மணி நேரம் பாட்டு கெடைச்சுது, கணக்கு அங்கயே தீந்துபோச்சு.

டிக்கெட் போடாததுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை எங்க ஆடிட்டர்தான் புரிய வெச்சார். டிக்கெட்டுன்னா அதுக்கு பதிலா ஒண்ணு கெடைக்குது, அது நன்கொடை ஆகாது, அதுக்கு 80ஜி ரசீது, அதாவது நன்கொடைக்கு வருமான வரில கழிவு வாங்கற ரசீது, குடுக்கறது தப்பு. சாப்பாடு எல்லாருக்கும் இலவசம், மொய் எழுதறதும் எழுதாம போறதும் அவங்க இஷ்டம்னா அது நன்கொடை. ரொக்கமா 2,000க்கு மேல குடுத்தா 80ஜி கிடையாது, பேங்க் வழியா வரணும். அரிசி, தேங்காய்னு பொருளா குடுத்தாலும் 80ஜி வராது. வாஷி மார்க்கெட்ல மொத்த வியாபாரம் பண்ற ஒரு அண்ணன் 150 தேங்காய் இறக்கினார், அவர்கிட்ட இதை முன்னாடியே சொல்லிட்டோம், சொல்லலேன்னா அப்புறம் மனஸ்தாபம் ஆகியிருக்கும். அப்புறம் புது வரி முறையில இருக்கறவங்களுக்கு 80ஜி கழிவே கிடையாது, சம்பளக்காரங்க நிறைய பேர் அதுலதான் இருக்காங்க, அதனால "வரி மிச்சமாகும்"னு பேச்சை ஆரம்பிக்காதீங்க, பொண்ணுங்க படிப்புன்னே ஆரம்பிங்க.

வெளிநாட்டுப் பணத்துல ஒரு தடவை மாட்டப் பாத்தோம். எங்க மெம்பர் ஒருத்தரோட அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினவர், 50,000 அனுப்பறேன்னார். வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கு வேண்டிய எஃப்சிஆர்ஏ பதிவு எங்களுக்குக் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற ஓசிஐ கார்டு வெச்சிருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம்தான், பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லில எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்குல மட்டும்தான் முதல்ல வாங்க முடியும். இந்தியன் பாஸ்போர்ட் இருக்கற துபாய், சிங்கப்பூர்க்காரங்க அவங்க சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா பிரச்சனை இல்ல. 50,000ன்னா கிட்டத்தட்ட மூணு பொண்ணுங்க, வேண்டாம்னு சொல்ல மனசே இல்ல, ஆனாலும் சொல்லிட்டோம். தம்பி கணக்குல போட்டு அவர் பேர்ல குடுக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு, அதையும் ஒத்துக்கல. அது நேர்மை இல்ல.

சாப்பாட்டுக்கு வரேன். பேராவூரணிக்காரர் கணக்குல மொய் விருந்துன்னா ஆட்டுக்கறிதான், அது இல்லாம எப்படின்னு கேட்டார். ஆனா மாட்டுங்கா பக்கம் இருந்து வர்ற பாதிப் பேர் சாப்பிட மாட்டாங்க, செலவும் எங்கயோ போயிடும். கடைசில திருநெல்வேலி சொதி ஜெயிச்சுது, மறுவீட்டுச் சொதி, தேங்காப்பால்ல பாசிப்பருப்பும் காயும் போட்டு, கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு பொடிமாஸ், அப்பளம், பால் பாயசம். தாராவில இருக்கற திருநெல்வேலிக் குடும்பங்களுக்கு அது கல்யாண ஞாபகம், மத்தவங்களுக்குப் புதுசு, "சொதி உண்டு"ன்னு ஒரு வரி போட்டதுக்கே ஆட்கள் வந்தாங்க. அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாமே ஆளாளுக்கு ஏத்துக்கிட்டாங்க. கைக்காசா போனது: ஹால் 25,000, சமையல் ஆட்கள் 30,000, பாத்திரமும் கேஸும் 14,000, காய்கறி, பால், இலை 21,000, மேஜை நாற்காலி, சுத்தம் பண்றவங்க 8,000, நோட்டீஸ் ரசீது அச்சடிக்க 4,500, ஒரு மைக் ரெண்டு ஸ்பீக்கர் 3,500. மொத்தம் 1,06,000.

மொய் மேஜை வாசலுக்கு நேரா இல்ல, சாப்பிட்டு வெளிய வர்ற வழில போட்டோம். உள்ள நுழையும்போதே நோட்டு கண்ணுல பட்டா கையில காசில்லாதவங்க திரும்பிப் போயிடுவாங்க. மூணு பேர் உக்காந்தாங்க, ஒருத்தர் எழுத, ஒருத்தர் எண்ண, ஒருத்தர் ரசீது கிழிக்க. நோட்டுல பேர், சொந்த ஊர், இப்ப இருக்கற முகவரி, தொகை, பான் நம்பர்னு அஞ்சு கட்டம். முகவரியும் பேரும் இல்லாத நன்கொடை ஒரு அளவுக்கு மேல போனா அதுக்கு 30 சதவீதம் வரி, 80ஜி ரசீது வாங்கினவங்க விவரத்தை வருமான வரித் துறைகிட்ட ஏத்தினாதான் அவங்களுக்கு வரிக் கழிவுக்கான சர்டிஃபிகேட் வரும், அதனால அந்தக் கட்டம் எல்லாமே வேணும்.

ஊர்ல மொய்யை மைக்ல படிப்பாங்களே, அதைச் செய்யறதா வேண்டாமான்னு பேசினப்போ, தொகையைப் படிச்சா 51 ரூபா எழுதினவங்க கூனிக் குறுகிப் போவாங்கன்னு எனக்குப் பட்டுச்சு. பேரும் ஊரும் மட்டும் படிச்சோம். ஆலங்குளம், பாவூர்சத்திரம், நாங்குநேரி, கும்பகோணம்னு ஒவ்வொரு ஊரா மைக்ல வர வர, "அட நம்ம ஊர்க்காரங்களா"ன்னு ஆளுங்க எழுந்து தேடிப் போய்ப் பேசினாங்க, நாப்பது வருஷமா இங்கயே இருந்தும் பக்கத்து ஊர்க்காரங்களை அன்னிக்குத்தான் பாத்திருக்காங்க. தாராவில இட்லி போட்டு விக்கற ஒரு அக்கா 501ஐ முழுக்க பத்து ரூபாவும் ஒரு ரூபாவுமா எண்ணி வெச்சாங்க, எழுதறவர்கிட்ட ஊர் பேரை மட்டும் ரெண்டு தடவை சரியா எழுதச் சொன்னாங்க.

தப்பு நடக்காம இல்ல. 350 இலைக்குத் திட்டம் போட்டோம், வந்தது 420 பேர். ஒண்ணே முக்காலுக்கு சாதம் தீந்துபோச்சு, 25 நிமிஷம் ஜனங்க நின்னாங்க, வெளிய மழை வேற. சமையல்காரர் பதறாம இருந்த அரிசியைப் போட்டு எலுமிச்சம்பழ சாதம் கிளறிட்டார், அவர் இல்லேன்னா அன்னிக்கு மானம் போயிருக்கும். இன்னொண்ணு, நோட்டு மேஜைல இருக்க வேண்டிய க்யூஆர் அட்டையை யாரோ நல்லதுன்னு நினைச்சு ஹால் தூண்லயும் ஒட்டிட்டாங்க, 47 பேர் அங்கயே யூபிஐல போட்டுட்டு மேஜைக்கு வராமலே போயிட்டாங்க, பேங்க் ஸ்டேட்மென்ட்ல அரைகுறைப் பேருதான் வருது, முகவரி கிடையாது. நானும் இன்னொரு மெம்பரும் மூணு ராத்திரி உக்காந்து அவர் யாரு இவர் யாருன்னு விசாரிச்சு 41 பேரைக் கண்டுபிடிச்சோம். க்யூஆர் அட்டை நோட்டு எழுதறவர் கைக்குக் கீழ மட்டும்தான் இருக்கணும், வேற எங்கயும் கூடாது.

அன்னிக்கு மொய் 1,87,451, உண்டியல் 9,640. ராத்திரியே மூணு பேர் எண்ணி, மூணு பேரும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலைல பேங்க்ல கட்டியாச்சு. பத்தாவது நாள் வரவு செலவு முழுசா ஒரு பக்கத்துல அச்சடிச்சு, சாதம் பத்தாம போனதையும் அதுலயே எழுதி, மொய் எழுதின எல்லாருக்கும் அனுப்பினோம். நான் எதிர்பார்க்கவே இல்ல, அந்தத் தாளைப் பாத்துட்டு ஆறு பேர் மேற்கொண்டு பணம் அனுப்பினாங்க, 40,000. அதுல ரெண்டு பேர் அந்த 60 பேர் லிஸ்ட்ல முதல்ல முடியாதுன்னு சொன்னவங்க. ஆக மொத்த வரவு 4,72,091, செலவு போக 3,66,091. முதல் தடவை ஒரு ரூபா வசூலிக்க 95 பைசா செலவு பண்ணோம், இந்தத் தடவை 22 பைசா.

20 பொண்ணுங்களுக்கு ஃபீஸ் நேரா காலேஜ்லயே கட்டினோம், டியூஷன் பணத்தையும் பாஸ் பணத்தையும் மட்டும் அம்மாங்க கணக்குல போட்டோம், போட்டோ எதுவும் எடுக்கல. அன்னிக்கு மேடைல தலை நிமிராத அந்தப் பொண்ணு அப்பவே பன்னெண்டாவது முடிச்சுட்டா, அவ ஃபீஸை நாங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினதுல அவ பேர் எங்கயும் வரல.

இந்த வருஷத்துக்கு அதே ஹாலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, இலை 500 சொல்லியிருக்கோம், மொய் நோட்டுல கமிட்டி 9 பேரும் எழுதிட்டாங்க, கேக்க வேண்டியவங்க லிஸ்ட் 60ல இருந்து 85 ஆயிருக்கு. பேராவூரணிக்காரர் மட்டும் ஆட்டுக்கறிக்குத் தனிப் பந்தி, தனி அடுப்புன்னு ஒரு கணக்கு போட்டுக் கொண்டு வந்திருக்கார், தலைக்கு எவ்வளவு ஆகும்னு நான் சரிபாத்துக்கிட்டு இருக்கேன், ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல வெக்கணும்.